ஜாப் கார்டில் ஏறாத சத்தம்

2022 அக்டோபர் கடைசியில் மாருதி சுசுகி நிறுவனம் 9,925 கார்களைத் திரும்ப அழைத்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 3 முதல் செப்டம்பர் 1 வரை தயாரான வேகன் ஆர், செலேரியோ, இக்னிஸ் வண்டிகள் அவை. பின்சக்கர பிரேக் அமைப்பில் உள்ள ஒரு சிறு பின்னில் குறை இருக்கலாம், அது சில வண்டிகளில் உடையலாம் என்றது அறிவிப்பு. உடைந்தால் என்ன ஆகும் என்பதையும் நிறுவனமே சொல்லியிருந்தது. வழக்கத்துக்கு மாறான சத்தம் வரலாம். நாளடைவில் பிரேக் பிடிக்கும் திறன் குறையலாம்.

இந்த அறிவிப்பில் வரிசையைக் கவனிக்க வேண்டும். சத்தம் முதலில், பிரேக் கோளாறு பிறகு. நடுவில் கிடைக்கும் சில வாரங்களோ மாதங்களோதான் ஓட்டுபவருக்கு உள்ள அவகாசம். அந்த வண்டிகள் எல்லாம் மூன்று மாதம்கூட ஆகாத புது வண்டிகள். புது வண்டியில் சத்தம் என்றால் "ஓட ஓட சரியாயிடும் சார்" என்ற ஆறுதல்தான் எந்த ஊரிலும் முதலில் கிடைக்கும். வண்டி போடும் சத்தத்தைப் புரிந்துகொள்வது ஒரு வேலை. அதை எழுத்தில் ஏற்றி வைப்பது இன்னொரு வேலை. முதலாவதில் ஓரளவு தேறியவர்கள்கூட இரண்டாவதில் கோட்டைவிடுகிறார்கள்; பணத்தையும் உரிமையையும் இழப்பது பெரும்பாலும் அங்கேதான்.

ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்குக் கோடியில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது ஆர்.கே.பேட்டை. அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை என்று சுற்றிலும் தறி ஓடும் ஊர்கள். சோளிங்கர் மலைக்கும் திருத்தணி மலைக்கும் போகிற வண்டிகள், திருவாலங்காடு கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள், கல் குவாரி டிப்பர்கள் எல்லாம் ஓடும் வட்டாரம். ஊருக்கு ஊர் வேகத்தடை உண்டு. பல இடங்களில் அதன் மேல் வெள்ளைக்கோடு இருக்காது. இப்படிப்பட்ட சாலையில் நாள்தோறும் ஓடும் காரின் அடிப்பாகம் தாங்கும் அடி கொஞ்சநஞ்சம் இல்லை. மாவட்டத்தின் மறுகோடியில் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. அங்கே கம்பி ஏற்றிய டிரெய்லர்களுக்கு நடுவே, தேசிய நெடுஞ்சாலை 16-ல் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போதுதான், ஊருக்குள் லேசாகக் கேட்ட "ஊங்" சத்தம் என்னவென்று தெரியவரும். தெரிந்துகொள்வதற்கு அது நல்ல இடமே இல்லை.

ஏசியைப் போட்டு, கண்ணாடியை ஏற்றி, பாட்டை வைத்துவிட்டால் பாதிச் சத்தங்கள் காதுக்கே வராது. வாரத்தில் ஒரு நாளாவது இவை எதுவும் இல்லாமல், கண்ணாடியை இறக்கிவிட்டு, நீளமான காம்பவுண்டுச் சுவர் ஓரமாக மெதுவாக ஓட்டிப் பார்ப்பது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். சக்கரத்தில் எழும் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வரும். திறந்த வெளியில் கேட்காதது அங்கே கேட்டுவிடும். அதற்கும் முன்னால் டிக்கியைக் காலி செய்ய வேண்டும். ஜாக்கி, வீல் ஸ்பேனர், சரியாக இறுக்காத ஸ்டெப்னி, சீட்டுக்கு அடியில் உருளும் தண்ணீர் பாட்டில், டாஷ்போர்டு அறையில் கிடக்கும் சில்லறை என்று இவை எல்லாமே சஸ்பென்ஷன் போனதைப் போல ஏமாற்றும். இவற்றை எடுக்காமல் பட்டறைக்குப் போனவர் மாற்றத் தேவையில்லாத பாகத்துக்குக் காசு கொடுத்துவிட்டு வர வாய்ப்புண்டு.

அடுத்து ஒரு எளிய பிரிப்பு. வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்து ஆக்சிலேட்டரை மிதித்துப் பார்க்க வேண்டும். நின்ற இடத்திலேயே சத்தம் வந்தால் கோளாறு இன்ஜின், பெல்ட், சைலன்சர் பக்கம். நிற்கும்போது இல்லாமல் ஓடும்போது மட்டும் வந்தால் சக்கரம், பிரேக், ஆக்சில், சஸ்பென்ஷன், கியர்பாக்ஸ் பக்கம். பிறகு நாலு கேள்வி போதும். பிரேக் மிதித்தால் வருகிறதா, ஸ்டியரிங்கைத் திருப்பினால் வருகிறதா, பள்ளத்தில் இறங்கினால் வருகிறதா, வேகம் கூடக்கூடக் கூடுகிறதா? இந்த நாலுக்கும் விடையோடு வருகிறவரிடம் மெக்கானிக் பேசும் விதமே வேறு.

பிரேக்கில் வரும் "கிரீச்" சத்தத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். பல கார்களின் பிரேக் பேடில், ஓரமாக ஒரு சின்ன எஃகுத் தகடு வளைந்து நிற்கும். பேட் புதிதாக இருக்கும்போது அந்தத் தகடு டிஸ்க்கைத் தொடாது. தேய்ந்து தேய்ந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் மிச்சம் என்ற நிலை வந்ததும், தகட்டின் நுனி சுழலும் டிஸ்க்கில் உரசிக் கீச்சிடும். அந்தச் சத்தம் கோளாறு அல்ல. பேட் மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று சொல்வதற்காகவே செய்து வைத்த ஏற்பாடு. அதைக் கேட்டும் கேட்காமல் ஓட்டினால் பேடின் லைனிங் முழுதும் தீர்ந்து, அடியில் இருக்கும் இரும்புப் பலகை டிஸ்க்கை அரைக்கத் தொடங்கும். கீச்சு "கரகர" ஆகிவிடும். அதுவரை பேடோடு முடிந்திருக்க வேண்டிய செலவில் இனி டிஸ்க்கும் சேரும். அதைவிட முக்கியம், வண்டி நிற்க எடுக்கும் தூரம் கூடிவிடும்.

ஆனால் எல்லா உரசலும் ஆபத்தில்லை. மழையில் நனைந்து இரவெல்லாம் நின்ற காரின் டிஸ்க்கில் மெல்லிய துரு படியும். காலையில் முதல் சில தடவை பிரேக் பிடித்ததும் அது போய்விடும். ஆர்.கே.பேட்டை பக்கம் அடிக்கடி நடக்கக்கூடிய இன்னொன்றும் உண்டு. ஜல்லி கொட்டிய சாலையில் போனால், பட்டாணி அளவுக் கல் ஒன்று டிஸ்க்குக்கும் அதன் பின்னால் இருக்கும் தகரத் தடுப்புக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். அது போடும் சத்தம் சக்கரமே கழன்று விழப்போகிறது என்று பயப்பட வைக்கும். சில நேரம் வண்டியைப் பின்னால் கொஞ்சம் எடுத்தால் கல் தானே விழுந்துவிடும். இல்லையென்றால் சக்கரத்தைக் கழற்றி, தகரத்தை லேசாக நெம்பினால் போதும். இதற்குப் பேடும் டிஸ்க்கும் மாற்றியதாக யாராவது பில் போட்டால், கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக் கண்ணால் பார்க்க வேண்டும்.

வீல் பேரிங் வேறு மாதிரி. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் மெல்லிய "ஊங்" என்று தொடங்கி, வேகம் கூடக்கூட ஏறும். டயர் சத்தம் என்று பலர் நினைத்துக்கொள்வார்கள். வித்தியாசம் வளைவில் தெரியும். சாலை இடப்பக்கம் வளையும்போது வண்டியின் பாரம் வலப்பக்கச் சக்கரங்களில் இறங்கும். அப்போது சத்தம் கூடினால் வலப்பக்க பேரிங்கைச் சந்தேகிக்கலாம். வலப்பக்கம் திரும்பும்போது கூடினால் இடப்பக்கம். பட்டறையில் அந்தச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பார்கள். பிறகு ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றி, மறுகையை சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் வைப்பார்கள். பேரிங் போயிருந்தால், காதுக்குக் கேட்பதற்கு முன்பே கரகரப்பு கம்பி வழியாக உள்ளங்கைக்கு வந்துவிடும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கும் வேலையை மட்டும் யாரும் வீட்டு வாசலில் செய்யக் கூடாது. ஜாக்கி நழுவினால் தப்பிக்க நேரம் இருக்காது.

ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்துத் திரும்பும்போது "டக் டக் டக்" என்று எண்ணி எண்ணிச் சத்தம் வந்தால் டிரைவ் ஷாஃப்ட்டின் சிவி ஜாயின்ட். அதை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வெளியே தெறித்திருக்கும். சக்கர ரிம்மின் உட்பக்கம் பார்த்தால் கறுப்பாகத் தெரியும். உறை கிழிந்த உடனேயே பார்த்துவிட்டால் உறையும் கிரீஸுமாகக் குறைந்த செலவில் முடிந்துவிடும். மண் உள்ளே போய் அரைத்த பிறகு ஜாயின்டே மாற்ற வேண்டிவரும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது "டொக்" என்றால் லிங்க் ராட், பால் ஜாயின்ட், கன்ட்ரோல் ஆர்ம் புஷ் இவற்றைப் பார்க்க வேண்டும். லிங்க் ராட் கொஞ்சம் பொறுக்கும், பால் ஜாயின்ட் பொறுக்காது. அது கழன்றால் முன்சக்கரம் கோணிக்கொள்ளும். டை ராட் எண்டும் அப்படித்தான். 2023 ஜூலையில் மாருதி 87,599 எஸ்-பிரெஸ்ஸோ, ஈக்கோ வண்டிகளைத் திரும்ப அழைத்தது இந்த டை ராடின் ஒரு பாகத்துக்காகத்தான். 2024 ஆகஸ்டில் 2,555 ஆல்டோ கே10 கார்களின் ஸ்டியரிங் கியர்பாக்ஸில் குறை இருக்கலாம் என்று தெரிந்ததும், பாகத்தை மாற்றும்வரை வண்டியை ஓட்டவே வேண்டாம் என்று நிறுவனம் கேட்டுக்கொண்டது. ஸ்டியரிங் தொடர்பான சத்தத்தை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு இதற்குமேல் சான்று தேவையில்லை.

இன்ஜின் பக்கம் போனால் ஒரே ஒரு விதியைச் சொல்லிவிடலாம். இன்ஜினுக்குள்ளிருந்து "டொக் டொக்" என்று கனமான தட்டல் கேட்டு, ஆயில் விளக்கும் சிவப்பாக எரிந்தால், அடுத்த ஊர்வரை போய்விடலாம் என்று கணக்குப் போடாமல் அங்கேயே ஓரங்கட்டி அணைத்துவிட வேண்டும். ஆயில் அழுத்தம் இல்லாத இன்ஜின் சில நிமிடங்களிலேயே பிடித்துக்கொள்ளும். காலையில் ஸ்டார்ட் செய்ததும், ஏசி போட்டதும் வரும் கீச்சு பெரும்பாலும் பெல்ட். சைலன்சர் பக்கம் "புடுபுடு" என்று கூடினால் புகைக்குழாயில் விரிசல் இருக்கலாம். காதுக்கு எரிச்சல் என்பதோடு இது நிற்காது. கசியும் புகையில் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு உண்டு. நிறுத்திய காரில் ஏசியைப் போட்டுத் தூங்கும் வழக்கமுள்ள டிரைவர்களுக்கு இது உயிர் ஆபத்து.

சத்தம் எழுப்பினாலும் சரியாகவே இருக்கும் வண்டிகளும் உண்டு. கிளம்பிய சில நொடிகளில் ஏபிஎஸ் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் சிறு முனகல், திடீர் பிரேக்கில் காலடியில் வரும் தடதடப்பு, நிறுத்தியபின் சூடு ஆறும் சைலன்சரின் "டிக் டிக்", அணைத்த பிறகும் ஓடும் ரேடியேட்டர் ஃபேன் இவையெல்லாம் இயல்பு. இவற்றுக்காக யாரும் பணம் செலவழிக்க வேண்டியதில்லை.

சந்தேகச் சத்தத்தோடு ஓட்டுவதில் சட்டச் சிக்கலும் இருக்கிறது. பலருக்கு இது தெரியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவு, வண்டியில் உள்ள ஆபத்தான குறை தெரிந்தும் பொது இடத்தில் ஓட்டினால் 1,500 ரூபாய் அபராதம் என்கிறது. தெரியாது என்று சொல்லியும் எளிதில் தப்ப முடியாது. சாதாரண கவனத்தில் தெரிந்திருக்கக்கூடிய குறை என்றாலே இந்தப் பிரிவு பொருந்தும். அந்தக் குறையால் விபத்து நடந்து ஒருவருக்குக் காயமோ சொத்துக்குச் சேதமோ ஏற்பட்டால் மூன்று மாதம்வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

இன்ஷூரன்ஸ் பாலிசியில் உள்ள ஒரு நிபந்தனை இதைவிட அதிகம் பேரைத் தாக்குகிறது. வண்டியை நல்ல நிலையில் வைத்திருப்பது உரிமையாளரின் பொறுப்பு என்றும், விபத்துக்கோ பழுதுக்கோ பிறகு தேவையான வேலை பார்க்காமல் ஓட்டினால் அதனால் கூடும் சேதம் முழுதும் உரிமையாளர் தலையில் என்றும் பாலிசியில் இருக்கும். வேகத்தடையில் அடிபட்டு ஆயில் சம்ப் விரிகிறது என்று வைத்துக்கொள்வோம். சம்ப் உடைந்தது விபத்துச் சேதம்; அதற்கு இழப்பீடு கேட்கலாம். ஆயில் ஒழுக ஒழுக, தட்டல் கேட்கக் கேட்க ஓட்டி, இன்ஜினும் பிடித்துக்கொண்டால், அந்த இன்ஜினுக்கான பணத்தைக் கம்பெனி மறுக்க வழி கிடைத்துவிடும். தேய்மானத்தால் வரும் பழுதும் இயந்திரக் கோளாறும் சாதாரண பாலிசியில் அடங்காது. இன்ஷூரன்ஸ் கம்பெனி நியாயமில்லாமல் மறுத்ததாகத் தோன்றினால், முதலில் கம்பெனியிடமே எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, பதில் சரியில்லையென்றால் சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் கட்டணமில்லாமல் போகலாம்.

நெடுஞ்சாலையில் சத்தம் திடீரென்று பெரிதானால் ஹசார்டு விளக்கைப் போட்டு இடது ஓரத்துக்கு வர வேண்டும். வண்டியோடு வந்த சிவப்பு முக்கோணத்தைப் பின்னால் நல்ல தூரத்தில் வைத்துவிட்டு, எல்லோரும் இடப்பக்கமாக இறங்கிச் சாலையை விட்டுத் தள்ளி நிற்க வேண்டும். தச்சூர், கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி நீளத்தில் இரவில் நின்ற வண்டிக்குள் உட்கார்ந்திருப்பது, சத்தத்தோடு ஓட்டுவதைவிட ஆபத்து. தேசிய நெடுஞ்சாலைகளில் உதவிக்கு 1033.

இனி ஜாப் கார்டு. சர்வீஸ் சென்டரில் வண்டியை விடும்போது அட்வைசர் கம்ப்யூட்டரில் தட்டி, கையெழுத்துக்கு நீட்டும் தாள் அது. "வண்டியில ஏதோ சத்தம் வருது, பாருங்க" என்று வாடிக்கையாளர் சொல்வார். தாளில் "ஜெனரல் செக்கப்" என்று ஏறும். கையெழுத்துப் போட்டு முடிந்துவிடும். ஆறு மாதம் கழித்து கியர்பாக்ஸ் போய், வாரன்டியும் முடிந்த நிலையில், "நான் அப்பவே சொன்னேனே" என்றால் அதற்குச் சான்று எங்கே? வாயால் சொன்னது எந்தக் கணக்கிலும் வராது. தாளில் எழுத வேண்டியது இப்படி இருக்கலாம்: "40 கி.மீ. வேகத்துக்கு மேல், இடது முன்சக்கரப் பக்கம், பிரேக் பிடிக்கும்போது மட்டும் கரகர சத்தம். பத்து நாளாக. மீட்டர் 18,240." இதை வாடிக்கையாளரின் வார்த்தையிலேயே எழுதச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. எழுத மறுத்தால் அன்றைக்கே அதே வாசகத்தை சர்வீஸ் சென்டருக்கும் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் மின்னஞ்சலாக அனுப்பிவிட வேண்டும்.

வண்டியை விட்டுவிட்டுப் போவதைவிட, டெக்னீஷியனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டிரையல் போவது மேல். சத்தம் எந்த இடத்தில், எந்த வேகத்தில் வருகிறதோ அங்கேயே காட்டிவிட முடியும். "இது இந்த மாடலோட நார்மல் சத்தம்" என்றார்கள் என்றால், அதே மாடலின் வேறொரு வண்டியில் ஒரு ரவுண்டு போகக் கேட்கலாம். நேர்மையான சர்வீஸ் சென்டர் இதற்குத் தயங்காது. சத்தம் வராத நாளில் வண்டி போய், ஒன்றும் இல்லை என்று திருப்பித் தந்தால், "சோதித்ததில் சத்தம் கண்டறியப்படவில்லை" என்றாவது எழுதி வாங்க வேண்டும். ஒரே சத்தத்துக்கு மூன்று தேதிகளில் மூன்று ஜாப் கார்டு இருந்தால், குறை தீரவில்லை என்பதற்கு அதைவிடப் பலமான சான்று சாமானியருக்குக் கிடைப்பது கடினம். பக்கத்து சீட்டில் இருப்பவர் ஸ்பீடோமீட்டரும் தெரியும்படி செல்போனில் எடுத்த வீடியோவும் உதவும். வெட்டாமல் ஒட்டாமல் மூலக் கோப்பை அப்படியே வைத்திருக்க வேண்டும்.

ஊர்ப் பட்டறைக்குப் போனால் வாரன்டி போய்விடுமா என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. ஆர்.கே.பேட்டை மாதிரி ஊரிலிருந்து ஒவ்வொரு சத்தத்துக்கும் கம்பெனி சர்வீஸ் சென்டர் இருக்கும் நகரத்துக்குப் போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று இதே விஷயத்தில் பெரிய உத்தரவு ஒன்றைப் போட்டது. ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் கொடுத்த புகாரில் தொடங்கிய வழக்கு அது. உதிரிபாகங்களை வெளிச்சந்தைக்கு விடாமல் தடுத்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வெளிப்பட்டறையில் வேலை பார்த்த ஒரே காரணத்துக்காக மொத்த வாரன்டியையும் ரத்து செய்யும் பொத்தாம்பொதுவான நிபந்தனை கூடாது என்றும் சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. ஆகவே வாரன்டி புத்தகத்தில் இப்போது என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படித்துவிட்டு முடிவெடுப்பதே பாதுகாப்பு. காற்று பார்ப்பது, மாட்டிய கல்லை எடுப்பது, சக்கரத்தைத் தூக்கி பேரிங்கைச் சோதிப்பது போன்றவற்றுக்கு ஊர் மெக்கானிக்கே போதும். வாரன்டிக் காலத்தில் இன்ஜினையோ கியர்பாக்ஸையோ வெளியே பிரிப்பதுதான் வம்பு. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று தொடங்கிய "ரைட் டு ரிப்பேர்" இணையதளத்தில் கார் நிறுவனங்களின் சர்வீஸ், வாரன்டி விவரங்களைப் பார்க்கலாம்.

பட்டறை சிறியதோ பெரியதோ, பில் கேட்டு வாங்க வேண்டும். சென்னை ஜி.பி. ரோட்டில் வாங்கிய புதுப் பாகமாக இருந்தாலும், புதுப்பேட்டையில் வாங்கிய பழைய பாகமாக இருந்தாலும், என்ன பாகம், புதிதா பழையதா, எந்தக் கடை என்பது தாளில் இருக்க வேண்டும். பில் தராமல் இருப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடவடிக்கை. போலி உதிரிபாகம் விற்பது அதே சட்டத்தின்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். தெரிந்த மெக்கானிக்கிடம் பில் கேட்கச் சங்கடமாக இருக்கும் என்பது உண்மைதான். ஒரு வெள்ளைத்தாளில் பாகத்தின் பெயரையும் தொகையையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னால் எந்த நல்ல மெக்கானிக்கும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இந்த வட்டாரத்தில் ஓடும் கார்களில் பல, இரண்டாவது மூன்றாவது கைக்கு வந்தவை. திரும்ப அழைப்பு அறிவிப்பு வந்தபோது பழைய உரிமையாளரின் முகவரிக்குக் கடிதம் போயிருக்கும். இப்போதைய உரிமையாளருக்குத் தெரியவே தெரியாது. ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால், அந்த வண்டி அழைப்பில் உள்ளதா என்று தெரிந்துவிடும். அழைப்பில் இருக்கும் பாகத்தை மாற்றக் காசு கிடையாது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110-ஏ பிரிவு, கம்பெனி தானாக அழைக்காவிட்டால் அரசே உத்தரவிட இடம் தருகிறது. அப்படி உத்தரவு வந்தால் பணத்தைத் திருப்பித் தருவது, வேறு வண்டி தருவது, சரிசெய்து தருவது ஆகியவற்றில் ஒன்றைச் செய்யும் கடமை கம்பெனிக்கு உண்டு. இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்குப் பொருந்தும். அபராதம் 10 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய்வரை. ஒரே மாடலில் எத்தனை உரிமையாளர்கள் புகார் கொடுத்தார்கள் என்பதைப் பார்த்துத்தான் இந்தச் சக்கரம் சுழலத் தொடங்கும். ஆர்.கே.பேட்டையிலிருந்து பதிவாகும் ஒரு புகாரும் அந்த எண்ணிக்கையில் சேரும்.

சர்வீஸ் சென்டரும் கம்பெனியும் கைவிரித்துவிட்டால், முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் முடியாவிட்டால் திருவள்ளூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். காரை சென்னையில் வாங்கியிருந்தாலும், புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம் என்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தந்த பெரிய வசதி. வண்டிக்காகக் கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய்வரை என்றால் மாவட்ட ஆணையம் விசாரிக்கும். அந்தத் தொகை 5 லட்சம்வரை என்றால் கட்டணமே இல்லை. 10 லட்சம்வரை 200 ரூபாய், 20 லட்சம்வரை 400 ரூபாய், அதற்கு மேல் 50 லட்சம்வரை 1,000 ரூபாய். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போய்விட வேண்டும்.

சிப்காட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் சொந்தக் காரை வைத்துப் பிழைப்பவருக்கு ஒரு குழப்பம் வரும். வாடகைக்கு ஓடும் வண்டி வணிகப் பயன்பாடு, ஆகவே அவர் நுகர்வோர் இல்லை என்று எதிர்த்தரப்பு வாதாடும். தன் பிழைப்புக்காக, சுயதொழிலாக மட்டும் பயன்படுத்துகிறவர் நுகர்வோரே என்று சட்டத்தில் விளக்கம் இருக்கிறது. பத்து வண்டி வைத்து ஆள் போட்டு ஓட்டும் முதலாளிக்கு அந்த விளக்கம் பொருந்தாது.

எதை எதிர்பார்க்கலாம் என்பதிலும் தெளிவு வேண்டும். சத்தம் வருகிறது, புதுக் கார் கொடு என்றால் கிடைத்துவிடாது. மாருதி உத்யோக் எதிர் சுஷீல் குமார் கப்கோத்ரா வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம், குறையுள்ள பாகத்தை மாற்றித் தருவதுதான் வாரன்டியின் கடமை, முழுக் காரையும் மாற்றச் சொல்வது நியாயமில்லை என்றது. 2010-ல் சி.என்.அனந்தராம் எதிர் ஃபியட் இந்தியா வழக்கில் அதே நீதிமன்றம் இன்னொரு வழியையும் காட்டியது. வண்டியைச் சுயேச்சையான தொழில்நுட்ப நிபுணர் பார்க்கட்டும், அவர் உற்பத்திக் குறை என்று சொன்னால் பணத்தை வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்றது. ஆக, வழக்கு நிற்பதும் விழுவதும் நிபுணர் அறிக்கையில்தான். சோதித்துப் பார்க்காமல் குறையைத் தீர்மானிக்க முடியாது என்றால் பொருளைச் சோதனைக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அதற்கான செலவை முதலில் புகார்தாரர் கட்ட வேண்டியிருக்கும். சோதனையைக் கேட்டு மனுப் போடத் தயங்குகிறவர்கள்தான் நல்ல வழக்கையும் தோற்கிறார்கள். நிபுணர் வரும்போது சத்தம் வராமல் போகும் நாளும் உண்டு. அப்போது அவர் கையில் கொடுக்க ஜாப் கார்டுகள் இருக்க வேண்டும்.

ஆணையம் கொடுத்த தீர்ப்பை எதிர்த்து 45 நாளுக்குள் மாநில ஆணையத்துக்குப் போகலாம். கம்பெனி மேல்முறையீடு செய்வதென்றால் கொடுக்கச் சொன்ன தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். மேல்முறையீடும் செய்யாமல் பணமும் தராமல் இழுத்தடித்தால், அதே மாவட்ட ஆணையத்தில் நிறைவேற்று மனுப் போடலாம். உத்தரவை மதிக்காதவருக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 72-வது பிரிவின்கீழ் ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டுவரை சிறை, அல்லது 25,000 முதல் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது.